மாட்டாஸ்பத்திரி வேலை படிக்கப் போகிறீர்களா?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பிளஸ் டூ முடித்த பிள்ளை, "எனக்கு மாடு கன்னோடதான் வேலை வேணும், ஆனா டாக்டர் சீட் கிடைக்கல" என்று சொன்னால் வீட்டில் என்ன பதில் சொல்வார்கள்? பெரும்பாலும் பதில் இருக்காது. கால்நடை மருத்துவருக்குக் கீழே நின்று ஊசி, சினை ஊசி, கட்டு, ஆய்வகம், பண்ணைக் கண்காணிப்பு என்று எல்லாம் செய்யும் ஒரு தொழில் இருக்கிறது. அமெரிக்காவில் இதற்கென்றே இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பு உண்டு. நம் ஊரில் வழி நேராக இல்லை. அதனால் ஒவ்வொரு படியாகப் பார்த்து வைக்க வேண்டும்.

முதலில், எந்த உயிரினம்?

நாய், பூனை என்றால் வேலை நகரத்துத் தனியார் கிளினிக்கில். கோழி என்றால் நாமக்கல் முட்டைப் பண்ணைகளில். கறவை மாடு, ஆடு என்றால் ராசிபுரம், ஆத்தூர், மேச்சேரி பக்கத்துக் கிராமங்களில். மூன்றுக்கும் பயிற்சி வேறு, வருமானம் வேறு, எழுந்திருக்கும் நேரமும் வேறு. இதை முடிவு செய்யாமல் விண்ணப்பப் படிவம் வாங்காதீர்கள்.

அடுத்து, சட்டம் எங்கே கோடு போடுகிறது?

இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 1984 தெளிவாகச் சொல்கிறது: பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் சிகிச்சை அளிக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட டிப்ளமோவோ சான்றிதழோ பெற்ற உதவியாளர்களுக்கு மாநில அரசு உத்தரவின் மூலம் அனுமதி தரலாம். அதுவும் தடுப்பூசி, காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் போன்ற சிறு சேவைகளுக்கு மட்டும், அதுவும் மருத்துவரின் மேற்பார்வையில். "எங்க கோர்ஸ் முடிச்சா தனியா கிளினிக் வைக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு, எந்தப் படிப்பு?

மதிப்பெண் இருந்தால் முதலில் கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்ஸி.க்கு முயலுங்கள். இன்டர்ன்ஷிப்பையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நிரம்புகின்றன. நாமக்கல் மோகனூர் சாலையில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சேலம் மாவட்டம் தலைவாசலிலும் ஒன்று வந்துவிட்டது. கோழியில்தான் மனம் என்றால் ஓசூர் மத்திகிரியில் கோழியினத் தொழில்நுட்பத்துக்கு நான்காண்டு பி.டெக். இருக்கிறது. நாமக்கல் பண்ணைத் தொழிலைக் கூடவே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். இங்கே இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

அரசு வேலையில் கால்நடை ஆய்வாளர் பணி இருக்கிறது. அதற்குக் கால்நடை பராமரிப்புத் துறையே பயிற்சி தருகிறது. நினைத்தபோது போய்ச் சேரக்கூடிய படிப்பு அல்ல. அரசு அறிவிப்பு வரும்போதுதான் வாய்ப்பு.

கிராமத்தில் சொந்தமாகத் தொழில் செய்ய ராஷ்ட்ரிய கோகுல் திட்டத்தின் 'மைத்ரி' என்ற சினை ஊசிப் பயிற்சி பொருத்தமானது. மூன்று மாதம்: ஒரு மாதம் வகுப்பு, இரண்டு மாதம் களம். சம்பளம் கிடையாது, விவசாயி தரும் கட்டணமே வருமானம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விவரத்துக்குக் கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநர் அலுவலகத்துக்கு நேரில் போங்கள்.

ஆந்திராவிலும் கர்நாடகாவிலும் இரண்டாண்டு கால்நடை பாலிடெக்னிக் டிப்ளமோ உண்டு. அங்கே சேர நினைத்தால், அந்தச் சான்றிதழ் தமிழ்நாட்டில் எந்த வேலைக்குச் செல்லும் என்று அதே அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பணம் கட்டும் முன்

தனியார் நிறுவனம் என்றால் மூன்றைப் பாருங்கள். சான்றிதழில் எந்த அரசு அமைப்பின் பெயர் வரும்? கற்றுத்தருபவர் பதிவு பெற்ற மருத்துவரா? மாடு எங்கே? மூன்றாவது கேள்விக்குப் படத்தைக் காட்டினால் அந்த இடம் வேண்டாம். சாணி மணக்காத இடத்தில் இந்தத் தொழிலைக் கற்க முடியாது.

கை பழக வேண்டியவை

காய்ச்சல் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். தெர்மாமீட்டரை உதறிப் பாதரசத்தை இறக்கி, ஆசனவாயில் விட்டு, அதன் நுனி குடல் சுவரைத் தொடும்படி சாய்த்துப் பிடிக்க வேண்டும். சாணத்துக்குள் குத்தி நின்றால் அளவு தப்பாகக் காட்டும். மாட்டுக்குச் சுமார் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. தெர்மாமீட்டரில் நூல் கட்டிக் கிளிப்பை வால் முடியில் மாட்டிவிட்டால் விழுந்து உடையாது.

சினை ஊசிதான் கடினம். காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் போட வேண்டும். உறைவிந்துக் குச்சிகள் மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் திரவ நைட்ரஜனில், கேனிஸ்டருக்குள் இருக்கின்றன. கேனிஸ்டரைக் கொள்கலனின் கழுத்துக்கு மேலே தூக்கக் கூடாது. குச்சியை இடுக்கியால் எடுத்து 37 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான நீரில் 30 விநாடி வைத்து, ஈரம் துளியும் இல்லாமல் துடைக்க வேண்டும். தண்ணீர் பட்டால் விந்தணு செத்துவிடும். குச்சியிலுள்ள காளை எண்ணைப் படித்துக் குறித்துக்கொண்ட பிறகே அதை வெட்ட வேண்டும். மலக்குடலில் விட்ட கை கருப்பைக் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, மறு கையிலிருக்கும் சினை ஊசித் துப்பாக்கி அதைத் தாண்டியதும் நிற்க வேண்டும். புத்தகத்தில் இது வராது. பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, கை தானாக உணரும் வரை செய்ய வேண்டும். அவசரப்பட்டுக் குத்தினால் கருப்பை கிழியும். தவறினால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். அத்தனை நாள் தீவனச் செலவு விவசாயியின் தலையில்.

கோழியில் தடுப்பூசியின் உயிரே தண்ணீரில்தான். வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைக் குளோரின் கலந்த நீரில் கொடுத்தால் மருந்து செத்துவிடும். குளோரினை முன்பே நிறுத்தி, நீரில் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்து கொடுப்பது வழக்கம். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். பைக் டிக்கியில் வெயிலில் வந்த தடுப்பூசியைப் போடாதீர்கள்.

உங்கள் உடம்பு

இதைத் தள்ளிப்போடுபவர்கள் அதிகம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். கருச்சிதைவு நோய்க்கான தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுக்காதீர்கள். திடீரென்று இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் ரத்தம் கசியும் மாட்டை அறுக்கவே கூடாது, அடைப்பானாக இருக்கலாம். உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் கால்நடை உதவி எண் 1962க்கு அழையுங்கள்.

நாய்களோடும் மாடுகளோடும் பழகப் போகிறவர், கடிபடுவதற்கு முன்பே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சேர்க்கைக் கட்டணம் கட்டுகிற அதே வாரத்தில் அந்த ஊசியையும் தொடங்கிவிடுங்கள்.