சேர்மனை மாற்ற வேண்டுமா? முறை தெரிந்து மாற்றுங்கள்

மும்பையில் நம்மவர்களில் பலர் கூட்டுறவு ஹவுசிங் சொசைட்டிகளில் குடியிருக்கிறோம். மாதந்தோறும் மெயின்டனன்ஸ் கட்டுகிறோம். சேர்மன் மீது குறை இருந்தால் லிஃப்டில் பேசி ஆற்றிக்கொள்கிறோம். ஆனால் அவரைப் பதவியிலிருந்து இறக்கும் முறை பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

எங்கள் கட்டடத்தில் தண்ணீர்த் தொட்டி ரிப்பேருக்குக் கொட்டேஷன் வாங்காமலே சேர்மன் ஒருவருக்கு வேலையைக் கொடுத்துவிட்டார். கோபத்தோடு மொட்டை மாடியில் கூடினோம். கை தூக்கினோம். 'சேர்மன் நீக்கப்பட்டார்' என்று நோட்டில் எழுதினோம். "இது செல்லாது" என்றார் அவர். அவர் சொன்னதுதான் சரி! செக்கில் யார் கையெழுத்துப் போடுவது என்ற சண்டையில் வாட்ச்மேனுக்கு இரண்டு மாதம் சம்பளம் நின்றது. யாரோ செய்த தவறுக்குத் தண்டனை அவருக்கு.

பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். 1960ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில், 2019இல் ஹவுசிங் சொசைட்டிகளுக்கென்று தனி அத்தியாயமே சேர்த்திருக்கிறார்கள். முக்கியமானவை இவை:

1. நாம் தேர்ந்தெடுப்பது கமிட்டியை. சேர்மனைத் தேர்ந்தெடுப்பது கமிட்டி. ஆகவே நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கமிட்டிதான் நிறைவேற்ற வேண்டும்.

2. கமிட்டி உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது கையெழுத்திட்டு, கூட்டுறவுப் பதிவாளரிடம் மனுக் கொடுக்க வேண்டும். சேர்மன் பதவியேற்ற உடனேயே கொடுக்க முடியாது.

3. கூட்டத்தைக் கூட்டுவது பதிவாளர். தலைமை வகிப்பவரும் அவரோ, அவர் அனுப்பும் அதிகாரியோதான். அவர்களுக்கு ஓட்டு இல்லை.

4. ஓட்டுரிமையுள்ள மொத்தக் கமிட்டி உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். வந்தவர்களில் அல்ல, மொத்தத்தில்! 11 பேர் என்றால் 8 ஓட்டு.

கமிட்டியில் இல்லாத நாம் என்ன செய்யலாம்? சொசைட்டி உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் எழுதிக் கொடுத்தால் ஒரு மாதத்துக்குள் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும் என்பது மாதிரி பை-லா. அதே ஐந்தில் ஒரு பங்கினர், கணக்கில் கோளாறு என்றால் பதிவாளரிடம் விசாரணையும் கோரலாம்.

இதையெல்லாம் அறிந்து மறுபடி முயன்றோம். ஏழு ஓட்டு விழுந்தது. எட்டாமவர் பாலக்காட்டுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். தீர்மானம் தோற்றது.

ஆனால் நாங்கள் ஓயவில்லை. உறுப்பினர்கள் கையெழுத்திட்டுச் சிறப்புப் பொதுக்கூட்டம் கேட்டோம். அங்கே ரசீதுகளை வரிசையாக வைத்து, ஒருவர் மட்டும், குரல் உயர்த்தாமல் கேள்வி கேட்டார். பதில் சொல்ல முடியாத சேர்மன், மறுவாரமே தாமாக விலகினார். இன்றும் கமிட்டி உறுப்பினராக இருக்கிறார். மாடிப்படியில் பார்த்தால் இருவரும் வணக்கம் சொல்லிக்கொள்கிறோம். முதலில் வைத்த மாடிக் கூட்டத்தோடு நிறுத்தியிருந்தால் அந்த வணக்கமும் போயிருக்கும்.

ரயில்வேயில் பாயிண்ட் சரியாக அமைந்து பூட்டினால்தான் சிக்னல் இறங்கும். ஆத்திரத்தில் லீவரை எவ்வளவு இழுத்தாலும் அசையாது. அந்தப் பூட்டு வண்டியைத் தடுக்க அல்ல, விபத்தைத் தடுக்க.

பிற மாநிலங்களில் சட்டம் வேறு. எங்கிருந்தாலும் உங்கள் சொசைட்டியின் பை-லா பிரதி ஒன்றை இன்றே கேட்டு வாங்கி வையுங்கள். சண்டை வந்த பிறகு படிப்பதைவிட, வருமுன் படிப்பது நல்லது.