வாக்கிங் ஷூவும் வீட்டு நிம்மதியும்: 15 குறிப்புகள்

உடற்பயிற்சியைத் தொடங்குவது சுலபம். அதை வீட்டில் செல்லுபடியாக்குவதுதான் பெரும்பாடு. "இந்த வயசுல இது எதுக்கு?" என்பார் அப்பா. "முகமே வத்திப் போச்சு" என்பார் அம்மா. "காலையில டிபனை யார் பார்க்கிறது?" என்ற கேள்வி சமையலறையிலிருந்து வரும். இதையெல்லாம் தடை போடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டால் தினமும் சண்டைதான். காது கொடுத்துக் கேட்டால் அதற்குள் பயம் இருக்கும், கூடுதல் வேலையின் அலுப்பு இருக்கும், நம் தட்டில் சோறு குறைகிறதே என்ற வருத்தம் இருக்கும். பேசி ஜெயிக்கப் பார்க்காமல் சின்னச் சின்ன ஏற்பாடுகளால் இவற்றைச் சமாளிக்கலாம்.

1. ஒரு மண்டலம் கேளுங்கள். "இனிமேல் தினமும் ஓடப் போகிறேன்" என்று அறிவித்தால் வீடு மிரளும். "48 நாள் மட்டும் பார்க்கிறேன்" என்றால் சரி என்று விட்டுவிடும். நம் வீடுகளுக்கு விரதம் புதிதல்ல. வீட்டில் ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டால் விடியுமுன் வெந்நீர் தயாராகும், சமையல் மாறும், டி.வி. சத்தம்கூடக் குறையும். யாரும் முணுமுணுப்பதில்லை. அதற்கு ஒரு தொடக்க நாளும் முடிவு நாளும் இருக்கின்றன, விதிகள் எல்லோருக்கும் தெரிந்திருக்கின்றன. உங்கள் பயிற்சிக்கும் அப்படி நாள் குறித்து, எத்தனை மணிக்குப் போவீர்கள், எப்போது திரும்புவீர்கள், என்ன சாப்பிடுவீர்கள் என்று காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். மண்டலம் முடிவதற்குள் அது வீட்டின் பழக்கமாகியிருக்கும். நீட்டிக்க அனுமதி கேட்க வேண்டிய தேவையே வராது.

2. எவ்வளவு நேரம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை. குறைந்தபட்சக் கணக்கு, வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். "வாழ்க்கையே ஜிம்முன்னு ஆயிடுச்சு" என்று குறைப்படுகிறவரிடம் இந்த அரை மணியைச் சொல்லிப் பாருங்கள். மிதமான வேகம் எது என்று கேட்டால், நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

3. அந்த அரை மணி யாருடையது என்று பாருங்கள். குறிப்புகளிலேயே முக்கியமானது இதுதான். நீங்கள் ஆறு மணிக்குப் பூங்காவில் கை வீசி நடக்கும்போது வீட்டில் யாரோ பால் காய்ச்சுகிறார், பிள்ளையை எழுப்புகிறார், மோட்டார் போடுகிறார், ஸ்கூல் வேனுக்கு ஓடுகிறார். உங்கள் நேரத்துக்கான விலையை அவர் கொடுக்கிறார். அதைத் திருப்பிக் கொடுங்கள். காலையில் நீங்கள் நடந்தால் இரவுப் பாத்திரங்கள் உங்கள் பொறுப்பு. ஞாயிறு நீண்ட ஓட்டம் என்றால் சனி காலை முழுக்க மனைவிக்கோ கணவனுக்கோ ஓய்வு. திரும்பி வரும்போது கையில் கீரையோ பால் பாக்கெட்டோ இருக்கட்டும். வந்ததும் சோபாவில் சாய்ந்து "காபி" என்று குரல் கொடுக்கிறவருடைய பயிற்சிக்கு எந்த வீட்டிலும் ஆதரவு கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

4. இரவே எடுத்து வையுங்கள். உடை, ஷூ, தண்ணீர் பாட்டில், சாவி எல்லாவற்றையும் ஹாலில் ஒரே இடத்தில் வைத்துவிட்டால் விடியற்காலையில் படுக்கையறை விளக்கைப் போட வேண்டியதில்லை. அலாரம் முதல் மணியிலேயே நிற்க வேண்டும். ஐந்து முறை அடிக்கவிட்டுக் கடைசியில் எழாமல் போகிறவர்மீதுதான் வீட்டுக்குக் கோபம் அதிகம். கிரீச்சிடும் கேட்டுக்கும் தாழ்ப்பாளுக்கும் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

5. "சுகர் ஏதும் இருக்கா?" என்ற கேள்விக்குக் கோபப்படாதீர்கள். இளைத்தவரைப் பார்த்ததும் நம் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. அதில் நியாயமும் உண்டு. காரணமில்லாமல் எடை குறைவது சர்க்கரை நோயின் அறிகுறிகளில் ஒன்று. அப்படி யாராவது ஒருவர் இளைத்ததைப் பார்த்த குடும்பங்கள்தான் நம்முடையவை. பயிற்சி தொடங்கும்போதே எச்.பி.ஏ.1.சி., ரத்த அழுத்தம், கொழுப்பு அளவுகளைப் பார்த்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். இரண்டு ரிப்போர்ட்டையும் அம்மா கையில் கொடுங்கள். பதில் சொல்லும் வேலையை அவரே ஏற்றுக்கொள்வார். அத்தை, சித்தி எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லியும் விடுவார்.

6. அம்மா பரிமாறும்போது வெறுமனே "வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். நான்காவது இட்லியை மறுப்பது அவர் காதில் வேறு மாதிரி விழுகிறது. இல்லாததைக் கேளுங்கள். "நாளைக்குச் சுண்டல் பண்றியாம்மா?", "முளைகட்டின பயறு இருக்கா?", "ரெண்டு முட்டை அவிச்சு வையேன்" என்று கேட்டால், மறுக்கப்பட்டவர் பங்காளியாகிவிடுவார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020 பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குத் தேவை. 60 கிலோ எடை உள்ளவருக்கு அது சுமார் 50 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் உண்டு. மீதிக்குப் பருப்பு, பயறு, தயிர், மீன், வேர்க்கடலை என்று அம்மாவின் அடுப்படியிலேயே வழி இருக்கிறது.

7. புரோட்டீன் டப்பாவை ஒளித்து வைக்காதீர்கள். அலமாரிக்குள் துணிக்குப் பின்னால் இருக்கும் டப்பாவை அப்பா கண்டுபிடிக்கும் நாளில் அது ஸ்டீராய்டு ஆகிவிடும். மேஜைமேல் வையுங்கள், லேபிளைப் படித்துக் காட்டுங்கள். பெரும்பாலானவை பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஜிம்மில் யாரோ பெயர் சொல்லாமல் தரும் மாத்திரை, ஊசி பற்றி வீட்டார் பயந்தால் அந்தப் பயம் நூற்றுக்கு நூறு சரி.

8. நெஞ்சு வலி பயத்தைச் சிரித்து ஒதுக்காதீர்கள். கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று 46 வயதில் மாரடைப்பால் இறந்தார். அன்று காலை உடற்பயிற்சி செய்தவர் என்ற செய்தி பரவியதும் பல வீடுகளில் பிள்ளைகளின் ஜிம் பையை அம்மாக்கள் பிடுங்கி வைத்தார்கள். 'ஒருத்தருக்கு நடந்ததுன்னா எல்லாருக்கும் நடக்குமா' என்று வாதம் செய்து அந்தப் பயத்தைப் போக்க முடியாது. 40 வயதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள், புகைப்பவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் கடும் பயிற்சிக்கு முன் டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது. முடிந்தால் வீட்டில் ஒருவரையும் உடன் அழைத்துப் போங்கள். டாக்டர் வாயால் அவர் கேட்டுவிட்டால் பாதி பயம் போய்விடும். பயிற்சியின்போது நெஞ்சு அழுத்தம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்துவேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுங்கள், காப்பாற்றுங்கள்.

9. "ஓடினா முட்டி தேஞ்சிடும்" என்பவர்களுக்கு ஒரு தகவல். 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் மூட்டுத் தேய்மானம் 3.5 சதவீதத்தினருக்கும், ஓடாதவர்களில் 10.2 சதவீதத்தினருக்கும் இருந்தது. போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களுக்கு மட்டும் அது அதிகம். புள்ளிவிவரம் எடுபடாத வீட்டில் மா. சுப்பிரமணியன் கதையைச் சொல்லுங்கள். சாலை விபத்தில் மூட்டில் அடிபட்ட பிறகு ஓட ஆரம்பித்து, நூறுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்த அரசியல்வாதி அவர். அரை மாரத்தான் என்பது 21.1 கிலோமீட்டர்.

10. பெண்களுக்கான குறிப்பு, ஆண்களும் படிக்க வேண்டியது. ஆண் நடக்கப் போனால் "உடம்பைப் பார்த்துக்கிறான்" என்கிறார்கள். பெண் போனால் "வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே" என்கிறார்கள். வீட்டு வேலையும் உடலுழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் குனிந்து பெருக்குவதும் நின்றுகொண்டே சமைப்பதும் தசைக்கும் எலும்புக்கும் தேவையான வலுவைத் தந்துவிடுவதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கும் உடலுக்கு எடை தூக்கும் பயிற்சி ஆடம்பரமல்ல. "கர்ப்பப்பை இறங்கிடும்" என்று பயமுறுத்துவார்கள். ஆரோக்கியமாக இருக்கும் பெண்ணுக்கு முறையான பயிற்சியால் அப்படி ஆவதில்லை. பிரசவத்துக்குப் பின்னும், ஏற்கெனவே அந்தத் தொல்லை இருந்தாலும் மகப்பேறு மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். எல்லா வேலையும் முடிந்த பிறகு நேரம் கிடைக்கும் என்று காத்திருந்தால் ஒருநாளும் கிடைக்காது. நடுவில் கிளம்புங்கள். சட்னியை மற்றவர் அரைக்கட்டும். முதல் வாரம் உப்பு கூடும், இரண்டாம் வாரம் சரியாகிவிடும்.

11. விடிகாலை ரோடு பற்றிய கவலைக்கு வழி உண்டு. வெளிர்நிற உடை அணியுங்கள், எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலப்பக்கம் நடங்கள், காதில் பாட்டு வேண்டாம். எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். செயின் பறிப்பு பயத்தால் பல பெண்கள் நடைக்கு மட்டும் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்கிறார்கள். மாமியாரும் மறுக்காத ஏற்பாடு இது. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காணப்பட்டது. ஆள் நடமாட்டம் உள்ள அத்தகைய இடங்களைத் தேர்ந்தெடுத்தால் வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் அப்பா நடக்கப் போனால் அவர் பையில் கொஞ்சம் குளுக்கோஸ் போட்டு அனுப்புங்கள்.

12. நாற்றம், சத்தம் இரண்டையும் வீட்டுக்குள் விடாதீர்கள். வியர்த்த துணியைச் சுருட்டி வாளியில் போடாமல் உள்பக்கம் வெளியே திருப்பிக் கொடியில் உலர்த்திய பிறகு துவையுங்கள். பாலியஸ்டர் துணிக்குக் கம்ஃபோர்ட் போன்றவை வேண்டாம், படிந்துகொண்டு வாடையைத் தக்க வைக்கும். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்தால் ஈரம் இழுத்துக்கொள்ளும். அடுக்குமாடியில் டம்பெல்லைத் தொப்பென்று போட்டால் கீழ்வீட்டுக்காரர் மாடி ஏறி வருவார். பழைய ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போடுங்கள்.

13. வருஷச் சந்தா வேண்டாம். ஜனவரியில் தள்ளுபடி என்று மொத்தமாகக் கட்டி, மார்ச்சில் நிறுத்திவிட்டால் அந்தப் பணக்கணக்கு வருஷம் முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் ஓடும். மாதமாதம் கட்டுங்கள்.

14. விசேஷ வீட்டில் விரதம் காட்டாதீர்கள். தங்கையின் வளைகாப்பில் பந்தியில் உட்கார்ந்து "எனக்கு ரைஸ் வேண்டாம், ஸ்வீட் வேண்டாம்" என்று இலையைக் கையால் மூடுவது பரிமாறுகிறவரை அவமதிப்பது. கொஞ்சமாக வாங்கிக்கொண்டு, கூட்டும் பொரியலும் இரண்டாம் முறை கேளுங்கள். முகூர்த்த நாளில் ஜிம் விடுமுறை என்பது உங்கள் விதியாகவே இருக்கட்டும். ஒருநாள் விட்டால் தசை கரைந்துவிடாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கண்ணாடி முன் எடுத்த படமும், மச்சானின் தொப்பையைப் பற்றிய கருத்தும் தவிர்க்கப்பட வேண்டியவை. கேட்காதவருக்குச் சொல்லும் ஆரோக்கிய அறிவுரையைப் போல எரிச்சல் தருவது வேறில்லை.

15. சில நேரம் வீட்டார் சொல்வதுதான் சரி. வலியோடு ஓடுகிறீர்கள், காய்ச்சலிலும் போகிறீர்கள், ஒருநாள் தவறினால் எல்லோர் மீதும் எரிந்து விழுகிறீர்கள், பிள்ளையின் பள்ளி விழாவைவிடப் பயிற்சி பெரிதாகத் தெரிகிறது, தூக்கம் கெடுகிறது, பெண்களானால் மாதவிடாய் தள்ளிப்போகிறது அல்லது நின்றே போகிறது. இவை உடம்பு தாங்கவில்லை என்பதற்கான அடையாளங்கள். இவற்றை உங்களுக்கு முன்பே பார்த்துவிடுகிறவர்கள் உடன் இருப்பவர்கள்தான். "நீ முன்ன மாதிரி இல்லை" என்று அம்மாவோ துணையோ இரண்டாம் முறை சொன்னால், பயிற்சியை ஒரு வாரம் குறைத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.