மண்கலமும் மனமகிழ்வும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். ஏலத்தின் நறுமணம் அவ்வூர்க் கடைகளில் கமழும். மலைச்சரிவில் பறித்த பசுங்காய்களை இளஞ்சூட்டில் பதமாக உலர்த்துவர். சூடு மிகுந்தால் காயின் பசுமை கெடும். குறைந்தால் பூஞ்சணம் பற்றும். பொருளின் தகுதி தீயின் அளவைப் பொறுத்தது என்னும் இவ்வுண்மை மட்கலத் தொழிலுக்கும் பொருந்தும்.

குரங்கணி மலைப்பகுதியிலிருந்து இறங்கிவரும் கொட்டகுடி ஆறு வைகையின் துணையாறாகும். அவ்வைகைக் கரையிலுள்ள கீழடியில் 2015ஆம் ஆண்டு தொடங்கி நிகழ்ந்த அகழாய்வில் பலவகை மட்கலங்கள் கிடைத்தன. அவற்றோடு சுடுமண் பொம்மைகளும் வட்டச் சில்லுகளும் விளையாட்டுக் காய்களும் வெளிப்பட்டன. சோறு சமைக்கப் பானை செய்த மண்ணாலேயே குழந்தைக்கு விளையாட்டுப் பொருளும் செய்தனர் நம் முன்னோர். பயனும் மகிழ்வும் அவர்க்கு வேறுவேறாகத் தோன்றவில்லை.

அவ்வாற்றங்கரையிலேயே மானாமதுரை உள்ளது. அங்குள்ள வேளார் பானையை இசைக்கருவியாகவும் ஆக்கினர். களிமண்ணை மிதித்துப் பதப்படுத்தி, சக்கரத்தில் வனைந்து, பலகையால் பன்முறை தட்டி, சூளையிலிட்டுச் சுடும் கடம், கச்சேரி மேடையில் நாதம் எழுப்புகிறது. மானாமதுரை மட்பாண்டங்கள் 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன.

ஆயினும், அலுமினியமும் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் அடுக்களையில் நுழைந்தபின் குயவர் சக்கரங்கள் பல ஓய்ந்தன. பொங்கற்கும் கார்த்திகைக்கும் மட்டுமே மக்கள் மண்ணை நினைத்தனர். இத்தொழில் மீண்டும் தழைக்குமா என்னும் ஐயம் பலர்க்கும் எழுந்தது.

அவ்வையத்திற்கு ஒரு விடை புதுச்சேரியிலே பிறந்தது. 1971ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் இருவர் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்னும் கலக்கூடத்தை நிறுவினர். சாதாரணப் பானை நீரைக் கசியவிட்டு, அக்கசிவு ஆவியாவதால் குளிர்ச்சி தரும். இவர்கள் செய்த கலங்களோ 1,200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் கல்லைப்போல் இறுகி, நீர் கசியாதிருந்தன. கிண்ணமும் குவளையும் தேநீர்க் கெண்டியும் வண்ணப் பூச்சோடு வீடுகளை அடைந்தன. மீக்கர் பச்சைச் செங்கல்லால் வீடு கட்டி, அவ்வீட்டையே சூளையாக்கிச் சுட்டும் பார்த்தார். இக்கூடத்திற் பயின்ற மாணவர் பலர் இந்தியாவெங்கும் கலைஞராயினர்.

இக்காலக் கலைஞருள் கெண்டியின் மூடியில் பறவையை அமர்த்துவாரும், கோப்பையின் பிடியை வாலாக வளைப்பாரும் உளர். இது வீண் விளையாட்டன்று. பிடி விரலுக்குப் பொருந்தல் வேண்டும்; மூக்கு சொட்டாமல் ஊற்றுதல் வேண்டும்; அதன்மேலேதான் சிரிப்பு. பயன்படாத அழகு பரணில் உறங்கும். அழகில்லாப் பயன் விரைவில் சலிக்கும். இரண்டும் கூடிய கலமே வீட்டில் நிலைக்கும்.

மலையடிவாரச் சிறுமி ஒருத்தி மண்சொப்பில் மணலைச் சோறாக்கி விளையாடுகிறாள். அச்சொப்பைச் செய்தவரின் உழைப்பு அவள் மகிழ்ச்சியில் ஒளிர்கிறது. மாணவர்களே! திருவிழாக் கடையில் மண்கலம் வாங்குங்கால் விலையை மட்டும் எண்ணாதீர். மண்ணையும் தீயையும் அளவறிந்து ஆண்ட கைகளையும் எண்ணுமின். அவ்வெண்ணம் நம்மிடம் உள்ளவரை குயவரின் சக்கரம் சுழலும்.