மோட்கேஜில் கட்டுவதற்கு முன்

அன்புள்ள மருமகனுக்கு,

ரி.எஃப்.எஸ்.ஏ. கணக்கில் கிடக்கும் 30,000 டொலரையும் எடுத்து மோட்கேஜில் கட்டிவிடவா என்று கேட்டிருந்தாய். அந்தப் பணம் கணக்குக்குள் என்னவாக இருக்கிறது என்று நீ எழுதவில்லை. பதில் அதில்தான் இருக்கிறது.

2009இல் கனடா அரசு கொண்டுவந்த இந்த வரியில்லாச் சேமிப்புக் கணக்கு வெறும் உறைதான். உள்ளே வைப்புப் பணமும் இருக்கலாம், பங்கு நிதியும் இருக்கலாம். உன் மோட்கேஜ் வட்டி 4.5 சதவீதம், சேமிப்புக்குக் கிடைப்பது 2.5 சதவீதம் என்று வை. ஒவ்வொரு 10,000 டொலருக்கும் வருடம் 200 டொலரை நீ வங்கிக்குச் சும்மா கொடுக்கிறாய். இங்கே குடியிருக்கும் வீட்டின் மோட்கேஜ் வட்டிக்கு வரிக்கழிவு கிடையாது. ஆகவே கடனைக் கட்டினால் அந்த 4.5 சதவீதம் முழுதாக மிச்சம்.

பங்கு நிதி என்றால் கதை வேறு. அது கடன் வட்டியை விடக் கூடவும் தரலாம், கையைக் கடிக்கவும் செய்யலாம். விலை விழுந்த நேரத்தில் மட்டும் விற்று எடுக்காதே. 10,000 போட்டது 7,000 ஆகி, அதை எடுத்தால், திரும்பப் போட உனக்குக் கிடைக்கும் இடமும், அதாவது போடக்கூடிய வரம்பும், 7,000தான். மற்ற 3,000 டொலருக்கான இடம் ஒரேயடியாகப் போய்விடும்.

எடுத்த தொகைக்கான இடம் எப்போது திரும்பும் என்பதைத்தான் எங்கள் ஆட்கள் பலர் கவனிப்பதில்லை. அது அடுத்த ஜனவரி 1ஆம் திகதிதான் வரும். டிசம்பர் கடைசியில் எடுத்தால் சில நாளில் இடம் கிடைத்துவிடும். ஜனவரி 2ஆம் திகதி எடுத்தால் ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். இடமில்லாமல் போட்டால் மிகைத் தொகைக்கு மாதம் 1 சதவீதம் தண்டம். வருமானவரி இணையக் கணக்கில் தெரியும் எண்ணையும் அப்படியே நம்பாதே. நடப்பு வருடத்தில் நீ போட்டதும் எடுத்ததும் அதில் ஏறியிராது.

மோட்கேஜ் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் படி. தண்டமில்லாமல் முன்கூட்டிக் கட்ட ஒரு வரம்பு இருக்கும். பெரும்பாலும் ஆரம்பக் கடனில் வருடத்துக்கு 10 முதல் 20 சதவீதம். நிலையான வட்டியில் அதைத் தாண்டினால் தண்டம் ஆயிரக்கணக்கில் வரலாம். தவணைக்காலம் முடிந்து புதுப்பிக்கும் நாளில் எவ்வளவும் கட்டலாம்.

வீட்டுக்குள் போன காசு இலகுவில் வெளியே வராது. நிறையக் கட்டினேன் என்பதற்காக அடுத்த மாதத் தவணை தானாக நிற்காது, வேலையில்லாதவனுக்குப் புதுக் கடன் கொடுக்க வங்கியும் யோசிக்கும். ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கான ஆர்.ஆர்.எஸ்.பி.யில் கை வைக்கும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடு. அதிலிருந்து எடுப்பது வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரி போகும்.

என் முடிவு இதுதான்: வைப்பாகக் கிடப்பதில் ஆறு மாதச் செலவை விட்டுவிட்டு, மிச்சத்தை டிசம்பரில் எடுத்துக் கட்டு. பங்கு நிதியைத் தொடாதே. ஜனவரியிலிருந்து மாதம் ஒரு தொகையாக ரி.எஃப்.எஸ்.ஏ.வைத் திரும்ப நிரப்பு. பணத்தை எடுத்துக் கட்டுவதற்கு முன் வங்கிக்குப் போன் எடுத்து, இந்த வருடம் தண்டமில்லாமல் எவ்வளவு கட்டலாம் என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா