தேர்ந்த வரியின் இரு நிறங்கள்

பள்ளி அலுவலகக் கணிப்பொறியில் மதிப்பெண் பதிவேடு திறந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இடப்புறம் வகுப்புகளின் அட்டவணை. வலப்புறம் அவ்வகுப்பு மாணவியரின் அட்டவணை. இடப்புறத்தில் 'ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு' என்ற வரி தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. வலப்புறத்தில், மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்றுவிட்ட ஒரு மாணவியின் பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. இரு வரிகளும் ஒரே நீலம். இந்நிலையில் டெலீட் விசையை அழுத்தினால் நீங்குவது ஒரு பெயரா, ஒரு வகுப்பு முழுவதுமா? திரையைப் பார்த்து விடை கூற நம்மால் இயலாது.

இக்குழப்பத்தைத் தீர்க்க இரண்டு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று தேர்வு, மற்றது ஃபோகஸ், அதாவது அழுத்தும் விசை எந்தப் பகுதிக்குச் சென்று சேரும் என்ற நிலை. நாம் நான்கு புத்தகங்களில் அடையாளத் தாள் வைத்திருக்கலாம். விரித்துப் படித்துக்கொண்டிருப்பது ஒன்றைத்தான். அதுபோலத் தேர்ந்த வரி ஒவ்வோர் அட்டவணையிலும் இருக்கலாம். ஃபோகஸ் ஒரு நேரத்தில் ஓரிடத்தில் மட்டுமே இருக்கும்.

மாக் கணிப்பொறிகளில் ஃபோகஸ் உள்ள அட்டவணையின் தேர்ந்த வரி அழுத்தமான நிறத்திலும், மற்றவை சாம்பல் நிறத்திலும் தோன்றும். வேறொரு சாளரத்திற்கு நாம் மாறிவிட்டாலும் அவ்வரி சாம்பலாகிவிடும். விண்டோஸின் பழைய பட்டியல்களிலோ, 'தேர்வை எப்போதும் காட்டுக' என்று நிரல் எழுதுவோர் தனியே குறிப்பிடாவிட்டால், ஃபோகஸ் நீங்கியதும் தேர்வின் நிறமே மறைந்துவிடும். இது நமக்கு உகந்ததாகத் தோன்றவில்லை. விட்ட இடம் தெரியாமல் மறுபடியும் தேட வேண்டியிருக்கிறதே!

இனி, நிறத்தை எழுதும் முறையைக் காண்போம். ஜாவா எஃப்எக்ஸ் என்னும் கருவியை எடுத்துக்கொள்வோம். அதில் நிறங்களைப் பாணித்தாளில் எழுதுகிறோம். 'தேர்ந்த வரிக்கு நீலம்' என்று மட்டும் எழுதினால் மேற்சொன்ன குழப்பமே விளையும். 'ஃபோகஸ் உள்ள வரிக்கு நீலம்' என்று எழுதினாலும் பயனில்லை. ஏனெனில் அங்கே ஃபோகஸ் அட்டவணைக்கே உரியது, வரிக்கு அன்று. ஆகவே விதியை அட்டவணையிலிருந்து தொடங்க வேண்டும்: 'ஃபோகஸ் உள்ள அட்டவணைக்குள் இருக்கும் தேர்ந்த வரிக்கு நீலம்' என்று ஒரு விதி, 'தேர்ந்த வரிக்கு வெளிர் சாம்பல்' என்று பொதுவான மற்றொரு விதி. இரண்டும் பொருந்தும் இடத்தில், நிபந்தனை மிகுந்த முதல் விதியே வெல்லும்.

பின்னணி நிறத்தை மாற்றும் பலர் எழுத்தின் நிறத்தை மறந்துவிடுகின்றனர். நீலத்தின் மேல் வெள்ளை எழுத்து நன்றாகத் தெரியும். அதே வெள்ளை எழுத்து வெளிர் சாம்பல் பின்னணியில் கிடந்தால், ஒளி வேறுபாடு ஏறத்தாழ 1.4க்கு 1 என்ற அளவே இருக்கும். சிறிய எழுத்துக்கு 4.5க்கு 1 ஆவது வேண்டும் என்பது வலைப்பக்கங்களுக்கான அணுகல் நெறி. மேசைக் கணிப்பொறி நிரல்களுக்கும் அது நல்ல அளவுகோலே. சாம்பலின் மேல் கறுப்பு எழுத்தை வைத்தால் 14க்கும் மேற்பட்ட வேறுபாடு கிடைத்துவிடுகிறது. பார்வை மங்கிய பாட்டியும் படித்துவிடலாம்.

நிற வேறுபாடு காண இயலாதோரும் நம்மிடையே உண்டு. நீலம், பச்சை என்று நிறத்தை மட்டும் மாற்றாமல், ஒன்றை ஆழ்ந்ததாகவும் மற்றதை வெளிறியதாகவும் அமைத்தால் அவர்களுக்கும் வேற்றுமை புலப்படும்.

'நீக்கலாமா?' என்று கேட்கும் சிறு சாளரம் திறக்கும்போது ஃபோகஸ் அதற்குப் போய்விடுகிறது. பின்னாலுள்ள வரி சாம்பலாகிறது. பெயரைச் சரிபார்க்க வேண்டிய நேரம் அதுவே. அச்சாம்பல் வரி தெளிவாகத் தெரிகிறதா என்பதை, சுட்டியைத் தொடாமல் டேப் விசையாலும் அம்புக்குறி விசைகளாலும் மட்டுமே நகர்ந்து சோதித்துப் பார்க்க வேண்டும்.