ஹெச்-ஆல்பாவை மட்டும் நம்பாதீர்கள்

குள்ள கேலக்ஸிகளில் நட்சத்திரங்கள் என்ன வேகத்தில் பிறக்கின்றன என்று கணக்கிடுவதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. புதிதாக வரும் ஆய்வு மாணவர்கள் 1998-இல் வானியலாளர் கெனிகட் தந்த சூத்திரத்தை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். ஹைட்ரஜன் மேகங்கள் உமிழும் ஹெச்-ஆல்பா ஒளியை அளந்து ஒரு மாறிலியால் பெருக்கினால் விடை வந்துவிடும். பால்வெளி மாதிரியான பெரிய கேலக்ஸிக்கு அது போதும். உலோகம் குறைந்த குள்ளர்களிடம் அப்படியே போட்டால் காலை வாரிவிடும். வானியலில் ஹீலியத்தைவிடக் கனமான தனிமம் எல்லாமே உலோகம்தான், ஆக்சிஜன் உட்பட.

லியோ பி என்ற குள்ள கேலக்ஸியைப் பாருங்கள். சுமார் 53 லட்சம் ஒளியாண்டு தொலைவு. உலோக அளவு சூரியனில் ஏறக்குறைய 3 சதவீதம். அதில் ஒளிரும் ஹைட்ரஜன் மேகம் ஒன்றே ஒன்று. அதை ஒளிரவைப்பதும் மிகச் சூடான ஒரே ஒரு ஓ வகை நட்சத்திரம். சில மில்லியன் ஆண்டுகளில் அது மறைந்ததும் சூத்திரம் பூஜ்யம் என்று சொல்லும். சிற்றூரில் ஒரு மாதம் பிரசவமே நடக்கவில்லை என்றால் பிறப்பு விகிதம் பூஜ்யம் என்றா எழுதுவோம்?

என் அனுபவத்தில் கைகொடுத்தவை இவை.

புற ஊதாவையும் அளந்து பாருங்கள். ஹெச்-ஆல்பா காட்டுவது கடைசி ஒரு கோடி ஆண்டை. புற ஊதா சுமார் பத்துக் கோடி ஆண்டைக் காட்டும். கேலக்ஸ் விண்வெளித் தொலைநோக்கியின் தரவு இருக்கிறது. இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புற ஊதாத் தொலைநோக்கி இன்னும் கூர்மையானது.

ஹெச்-ஆல்பா படத்திலிருந்து நட்சத்திரங்களின் தொடர் ஒளியை, அதைக் காட்டும் இன்னொரு படத்தைக் கொண்டு கவனமாகக் கழியுங்கள். கழித்த படத்தில் முன்புற நட்சத்திரங்களின் இடத்தில் கறுப்பு வெள்ளை வளையம் தெரிந்தால், இரண்டு படங்களின் தெளிவும் பொருந்தவில்லை என்று அர்த்தம். மங்கலான குள்ள கேலக்ஸியின் ஒளி அந்தக் கசடிலேயே காணாமல் போகும்.

நைட்ரஜன் திருத்தத்தை சுருள் கேலக்ஸியிலிருந்து கடன் வாங்காதீர்கள். 656.3 நானோமீட்டர் ஹெச்-ஆல்பாவோடு 658.4-இல் உள்ள நைட்ரஜன் கோடும் ஃபில்டரில் நுழையும். உலோகம் குறைந்த இடத்தில் அது மிகச் சொற்பம்.

அகச்சிவப்பை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அங்கே தூசியே குறைவு. பிறப்பு விகிதம் குறைவாகத்தான் வரும். ஆனால் வழியில் குறுக்கிடும் நம் பால்வெளியின் தூசியை மறந்துவிடக் கூடாது. மேக்னிட்யூடில் பார்த்தால் அது ஹெச்-ஆல்பாவைவிடப் புற ஊதாவைச் சுமார் மூன்று மடங்கு மங்கச் செய்யும்.

மாறிலியையும் மாற்றுங்கள். உலோகம் குறைந்த நட்சத்திரங்கள் கூடுதல் சூடானவை, அயனியாக்கும் ஒளியையும் அதிகம் உமிழ்பவை. சூரிய உலோக அளவுக்கான மாறிலியைப் போட்டால் விகிதம் கூடுதலாக வரும்.

ஹெச்-ஆல்பாவும் புற ஊதாவும் வேறு வேறு விடை தந்தால் சராசரி எடுத்து மூடிவிடாதீர்கள். 2009-இல் வானியலாளர் ஜானிஸ் லீ குழுவினர் மங்கலான குள்ள கேலக்ஸிகளில் ஹெச்-ஆல்பா தொடர்ந்து குறைவாகக் காட்டுவதைச் சுட்டியபோது, அந்த வித்தியாசமே ஆய்வுப் பொருளானது. எனவே இரண்டு எண்களையும் எழுதுங்கள். எந்த அலைநீளம், எந்த உலோக அளவு, எவ்வளவு காலத்துக்கானது என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். இவை இல்லாத எண்ணை யாரும் மேற்கோள் காட்டாமல் இருப்பதே நல்லது.