சத்துமாவு, சீயக்காய்: காசை மிச்சம் பிடிக்க…

'ஆர்கானிக்', 'ஹெர்பல்' பாக்கெட்டுகளால் மளிகை பில் எகிறுகிறதா?

1. சீயக்காயைத் தூளாக வாங்காதீர்கள். கலப்படம் கண்ணுக்குத் தெரியாது. நாட்டு மருந்துக் கடையில் காயாகவே வாங்குங்கள். 1 கிலோவுக்கு 250 கிராம் பச்சைப்பயறு, 100 கிராம் வெந்தயம், கைப்பிடி பூலாங்கிழங்கு போதும். காயை ஒடித்தால் 'டக்'கென்று முறியும்வரை வெயிலில் காயவையுங்கள். ஈரம் இருந்தால் மாவு நைஸாக வராது. சீயக்காய்க்குத் தனி மிஷின் இருக்கும் மில்லில் கொடுங்கள். மிளகாய் அரைத்த மிஷின் என்றால் தலை எரியும், பாவம் குழந்தைகள்! அரைத்த தூளை ஆறவிட்டே டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துக் கட்டிதட்டும்.

2. எம்.ஆர்.பி.யோடு, பக்கத்தில் அச்சிட்டிருக்கும் ஒரு கிராம் விலையையும் பாருங்கள். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு இல்லை.

3. சத்துமாவில் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். அதிகம் உள்ளதுதான் முதலில் வரும். சர்க்கரை முன்வரிசையில் இருந்தால் வைத்துவிடுங்கள்.

4. தீட்டாத தினை, சாமையை ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். ஆஃபரில் கிடைத்த 5 கிலோ கடைசியில் குப்பைக்குத்தான் போகும்.

5. நெல்லிக்காய் விலை இறங்கும் குளிர்காலத்தில் வாங்கி, நறுக்கிக் காயவையுங்கள். வருஷம் முழுக்கத் தலைக்கு எண்ணெய் காய்ச்ச உதவும்.